முள்ளைச் சந்தேகிக்கிறவர்

சங்ககிரியில் லாரி வைத்திருக்கும் நண்பர் ஒருவர், தன் பழைய பத்துச் சக்கர வண்டியின் இன்ஜினை இறக்கப்போவதாகச் சொன்னார். வண்டி ஐடிலில் நின்றால் ஆயில் மீட்டரின் முள் பூஜ்யத்துக்கு விழுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் எழுந்துவிடுகிறது. பேரிங் தேய்ந்துவிட்டது, ஆயில் பம்பும் போயிருக்கும் என்று மெக்கானிக் ஒரு சீட்டில் கணக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அடியில் இருந்த கூட்டுத்தொகை லட்சத்தைத் தாண்டியது. "கடன் வாங்கறதுக்கு முன்னாடி மீட்டர்காரர்கிட்ட ஒருவாட்டி காட்டிப் பாத்துக்கறேன். நீயும் வா, உனக்கு எழுதறதுக்கு ஆகும்" என்றார்.

மெக்கானிக் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயில் சூடேறினால் நீர்த்துப்போகும். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே இடைவெளி கூடியிருந்தால் அந்த நீர்த்த ஆயில் தங்காமல் வழிந்துவிடும். ஐடிலில் பம்பும் மெதுவாகச் சுற்றுவதால் அழுத்தம் சரியும்; மிதித்தால் ஏறும். தேய்ந்த இன்ஜினின் ஜாதகம் அப்படித்தான் இருக்கும்.

மீட்டர்காரருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். இடப்பாடிப் பக்கம் நெசவுக் குடும்பம். தறிச் சத்தம் பிடிக்காமல் லாரியில் கிளீனராக ஏறியவர். அவருடைய தகரக் கொட்டகையின் சுவர் முழுக்க முள் இல்லாத மீட்டர்களும் கண்ணாடி இல்லாத மீட்டர்களும் தொங்கின. வண்டியைப் பார்த்ததும் பானெட் பக்கமே போகவில்லை. டிரைவரிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"ஏந் தம்பி, காலைல வண்டி பச்சத் தண்ணியாட்டம் இருக்கையில ஸ்டார்ட் பண்ணினாலும் முள்ளு விழுதா?"

"ஆமாங்க, அப்பவும் விழுதுங்க."

இதை மெக்கானிக் கேட்கவே இல்லை. இரவெல்லாம் ஆறிக் கிடந்த இன்ஜினில் ஆயில் கெட்டியாக இருக்கும். தேய்ந்த இன்ஜினே ஆனாலும் காலையில் அழுத்தம் நன்றாகத்தான் காட்டியாக வேண்டும். சூட்டில் விழுந்தால் அது இன்ஜின் பேசுவது. குளிரிலும் சூட்டிலும் ஒரே மாதிரி விழுந்தால் பேசுவது வேறு யாரோ.

பிறகு டிப் ஸ்டிக்கை உருவி அளவு பார்த்தார். விரலில் தொட்டு மோந்தார். டீசல் கசிந்து ஆயிலில் கலந்திருந்தாலும் அழுத்தம் குறையும் என்பதால் இந்த மோப்பம். வாடை இல்லை. சாவியைத் திருப்பச் சொன்னார். சிவப்பு விளக்கு எரிந்தது. ஸ்டார்ட் செய்ததும் அணைந்தது. சற்று நேரத்தில் முள் பூஜ்யத்துக்குச் சரிந்தது, விளக்கு மட்டும் எரியவில்லை. அந்த விளக்குக்கு இன்ஜினில் தனி சுவிட்ச் உண்டு. அழுத்தம் ஏறக்குறைய அரை கிலோவுக்குக் கீழே போனால் எரிய வைக்கும். (லாரிக்காரர்கள் சதுர சென்டிமீட்டரை விழுங்கிவிட்டு வெறும் கிலோ என்றே சொல்கிறார்கள்.) ஆக, ஒரே இன்ஜினுக்கு இரண்டு சாட்சிகள், இரண்டும் வேறு வேறு சொல்கின்றன.

இந்த இடத்தில்தான் அவர் மாஸ்டர் மீட்டரை எடுத்தார். உள்ளங்கை அளவுப் பித்தளை மீட்டர், ஒரு முழ ஹோஸ், முனையில் மாற்றி மாட்ட நாலைந்து மரையாணிகள். அவ்வளவுதான் கருவி. இதில் மின்சாரம் கிடையாது. ஆயிலே நேராக உள்ளே போகிறது. உள்ளே தட்டையான, வளைந்த ஒரு குழாய் இருக்கிறது. திருவிழாவில் ஊதினால் சுருள் அவிழ்ந்து நீளுகிற பீப்பியைப் போல, அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும். அந்த அசைவைப் பல் சக்கரம் முள்ளுக்குக் கடத்துகிறது. 1849இல் யூஜின் பூர்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் காப்புரிமை வாங்கிய அமைப்பு, நீராவி இன்ஜின் காலத்துச் சரக்கு. பழைய லாரிகளில் டாஷ்போர்டு வரைக்கும் செம்புக் குழாய் வழியாக ஆயில் வந்து இதே மாதிரி மீட்டரைத்தான் ஓட்டியது. குழாய் விட்டுப்போனால் கொதிக்கும் ஆயில் டிரைவர் காலில் பீய்ச்சும். அந்த வில்லங்கம் வேண்டாமென்றுதான் இன்ஜினில் ஒரு யூனிட்டை வைத்து, அழுத்தத்தை மின்தடையாக மாற்றி, ஒற்றை ஒயரில் கேபினுக்கு அனுப்பினார்கள். கால் தப்பித்தது. ஆனால் நடுவில் ஒயர், எர்த், யூனிட் என்று பொய் சொல்ல மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள்.

யூனிட்டைக் கழற்றி அதே ஓட்டையில் ஹோஸை மாட்டினார். இன்ஜின் நன்றாகச் சூடேறியபின் ஐடிலில் ஒரு கிலோவுக்குச் சற்று மேலே நின்றது. மிதித்ததும் மூன்றரையைத் தாண்டியது. நண்பரின் முகம் தெளிந்துவிட்டது. அவருக்கு அதுவே போதும். மீட்டர்காரருக்குப் போதவில்லை.

"உள்ள எட்டிப் பாருங்க" என்று என்னிடம் டாஷ்போர்டைக் காட்டினார். யூனிட்டிலிருந்து கழற்றிய ஒயர் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த வகை மீட்டரில் ஒயரைக் கழற்றினால் முள் மேல் கோடிக்குப் போய் நிற்க வேண்டும், எர்த்தில் தொட்டால் கீழே விழ வேண்டும். (சில வண்டிகளில் இது தலைகீழ், அதைத் தெரிந்துகொள்ளாமல் யூனிட்டை மாற்றுகிறவர்கள் நிறைய.) இங்கே ஒயர் எதையும் தொடவில்லை. ஆனாலும் இன்ஜின் ஐடிலில் குலுங்கும்போது முள் மேலேயிருந்து தொப்பென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. மிதித்துக் குலுக்கல் அடங்கியதும் மேலே ஏறியது. வழியில் எங்கோ ஒயர் தோல் உரிந்து இரும்பைத் தொடுகிறது. விரலால் தடவிக்கொண்டே போனவர், ஒரு கிளாம்புக்குக் கீழே நிறுத்தினார். பிளாஸ்டிக் தேய்ந்து செம்பு பளபளத்தது. புது ஒயர், அதன்மேல் ஒரு ஸ்லீவ், தள்ளி ஒரு கிளிப்.  

"அப்ப முள்ளு எப்பவும் பொய்தானா?" என்று கேட்டேன்.

"அப்படிச் சொல்லீட்டா ஆள் காலி" என்றார். கிளீனராக நாக்பூர் போன காலத்தில் ஒரு டிரைவர், முள் விழுந்தபோது கண்ணாடியைத் தட்டிவிட்டு, சிவப்பு விளக்கின்மேல் கறுப்பு டேப்பை ஒட்டினாராம். அன்று முள்ளும் விளக்கும் சொன்னது நிஜம். இன்ஜின் நடுக்காட்டில் ஜாம் ஆகி, ரோட்டோரத்தில் காய்ச்சின கஞ்சியைக் குடித்துக்கொண்டு நாள்கணக்கில் லோடுக்குக் காவல் இருந்திருக்கிறார்கள். மீட்டர் வேலைக்கு வந்ததே அதற்கப்புறம்தான் என்றார்.

நண்பர் முந்நூறு ரூபாய் கொடுத்தார். அதுவும் கேட்டதைவிட அதிகம். எனக்குக் கோபம் வந்தது, நண்பர் மேல் அல்ல. இறக்காத இன்ஜினுக்குப் பில் கிடையாது. இறக்கினால் எல்லோருக்கும் பங்கு உண்டு: பேரிங் செட்டுக்கு ஸ்பேர்ஸ் கடைக்காரர் மெக்கானிக்குக்குத் தருவது, லேத் பட்டறையில் வருவது, கடன் கொடுக்கிறவரின் வட்டி. கடையில் மலிவு யூனிட்டும் விற்கிறார்கள். மரை கச்சிதமாகப் பொருந்தும், ஓம்ஸ் பொருந்தாது, முள் மறுபடி பொய் சொல்லும். அந்தப் பொய்யிலிருந்து இன்னொரு பில் பிறக்கும். ஒற்றை வண்டி வைத்திருப்பவனின் பயத்தில் இத்தனை பேர் சாப்பிடுகிறார்கள். பயப்படாதே என்று சொல்கிற ஆளுக்கு மட்டும் டீக் காசு.

பார்த்துச் சொல்வதற்கே ஐந்நூறு என்று போர்டு வையுங்களேன் என்றேன். "பாக்கறதுக்குக் காசுன்னா பாக்காமயே இறக்கீருவாங்க" என்றார்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகள் லேப்டாப்போடு பேசுகின்றன. அவை இந்தக் கொட்டகைக்கு வருவது குறைவு. பழைய வண்டிகள் இருக்கும்வரை வேலை உண்டு என்று அவர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். நாங்கள் கிளம்பும் நேரத்தில் ஒரு பட்டறைப் பையன் சைக்கிளில் வந்து இறங்கினான். கணக்கு எழுதிக் கொடுத்த அதே மெக்கானிக்கின் பையன்தான். அண்ணன் மாஸ்டர் மீட்டரை வாங்கிவரச் சொன்னாராம். மீட்டர்காரர் ஹோஸைத் துடைத்துச் சுருட்டிக் கொடுத்தார்.

"வண்டி சூடான பொறவு மாட்டச் சொல்லு. சாயங்காலம் திருப்பிக் கொண்டாந்தரோணும்."