மெத்தை தின்னும் மணி

நாய்க்குப் படுக்கை எதற்கு என்று கேட்கிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு நேரே தொடர்கதைக்குப் போய்விடலாம். படுக்கையும் தைத்துப் போட்டு, மறுநாள் காலையில் அது பஞ்சு பஞ்சாகக் கூடம் முழுவதும் பறப்பதைப் பார்த்து, கையில் துடைப்பத்தோடு நிற்கிறீர்களே, நீங்கள் மட்டும் இருங்கள். உங்களோடுதான் எனக்குப் பேச்சு.

எங்கள் ஊர் கடையநல்லூர். தறிச் சத்தத்தில் வளர்ந்த ஊர். துணி கிழிகிற ஓசை கேட்டால் இங்கே தூங்குகிறவர்களும் எழுந்து உட்காருவார்கள். அப்படிப்பட்ட ஊரில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது மணி. வடக்கே பஸ் ஏறினால் புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி தாண்டி வருகிறதே ராஜபாளையம், அந்த ஊரின் பெயரைத் தாங்கிய வெள்ளை ஜாதி. 2005-ல் தபால் இலாகா நம் நாட்டு நாய்கள் நான்குக்குத் தபால் தலை வெளியிட்டபோது இந்த ஜாதியும் அதில் இடம் பெற்றது. தபால் தலையில் பார்த்தால் எவ்வளவு சாது! எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றே வாரத்தில் இரண்டு தலையணை, ஒரு ஜமக்காளம், கணக்குத் தீர்ந்தது.

"படுக்கையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். தரையிலே கிடக்கட்டும்" என்றார்கள் என் மாமியார். நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் தெரு நாய் மண்ணில் பள்ளம் பறித்துப் படுக்கிறது. மண் உடம்புக்கு இடம் கொடுக்கும். நம் வீட்டுத் தரையோ சிமெண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் குட்டை ரோமமும் ஒல்லி உடம்புமான ஜாதிகள். முழங்கையில் சதையே கிடையாது. கட்டாந்தரையில் ஓயாமல் படுத்தால் அங்கே காய்ப்புக் காய்த்து, சில சமயம் நீர் கோத்து வீங்கிப் புண்ணும் ஆகும். ஆகையால் படுக்கையைப் பிடுங்கி எறிவது வைத்தியம் அல்ல.

குட்டியாக இருந்தால் முதலில் வாயைத் திறந்து பாருங்கள். பால் பற்கள் 28. நான்காம் மாதம் வாக்கில் விழத் தொடங்கி, ஆறு ஏழு மாதத்துக்குள் 42 பற்கள் முளைத்துவிடும். அந்தக் காலத்தில் ஈறு நமநமவென்று அரிக்க, அகப்பட்டதைக் கடிக்கும். நம் குழந்தைகள் கடிக்காததா? பனிப்பெட்டியில் வைத்துக் குளிர்ந்த காரட்டைக் கொடுத்தால் சமர்த்தாகக் கடித்துக் கொண்டிருக்கும். சமைத்த எலும்பு மட்டும் வேண்டாம். சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

பல்லெல்லாம் முளைத்த பிறகும் கடிக்கிறதே, அதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். "போனால் ஒரு பழம்புடவைதானே" என்று சிரித்துவிடாதீர்கள்.

எதிர்வீட்டு மதினி வைத்திருப்பது ஒன்றரை வயதுக் கன்னி. ஒருநாள் காலையில் முகம் வெளுத்து ஓடி வந்தார்கள். "ஏளா, ரெண்டு நாளா அது ஒண்ணும் திங்க மாட்டேங்கு. தண்ணி குடிச்சாக்கூடக் கக்கிருது. வயித்தத் தொட்டா சிணுங்குது." திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டு போனார்கள். வயிற்றில் இருந்தது படுக்கைத் துணியின் கிழிசலும் நூலும்.

துணி குடலை அடைக்கும் என்பது யாருக்கும் புரியும். நூல் செய்கிற காரியம் அதைவிடக் கொடியது. ஒரு நுனி எங்காவது சிக்கிக் கொள்ளும். குடல் அதைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும். பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருக்கம் சுருக்கமாக வருகிறதல்லவா, அந்த மாதிரி குடல் நூலின்மேல் சுருங்கி, கடைசியில் நூலே குடலை அறுத்துவிடும். ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். நாய் பிழைத்தது. மதினி ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டு விஷயம் மறக்காதீர்கள். வாந்தி, உணவு மறுப்பு, மலம் கழியாமை, இவற்றோடு படுக்கையில் ஒரு துண்டு குறைந்தால் கஷாயம் போட்டுக் காத்திருக்க வேண்டாம், உடனே வைத்தியர். நாயின் பின்புறம் நூல் தொங்கினாலும் இழுக்கக் கூடாது.

அடித்தால் திருந்தாதா என்பீர்கள். கிழிந்த துணியை முகத்துக்கு நேரே நீட்டி, "யார் செய்தது?" என்றதும் காதைத் தாழ்த்திக் குற்றவாளி மாதிரி நிற்கிறதே என்பீர்கள். நியூயார்க்கில் அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்ற பெண்மணி 2009-ல் இதையே சோதித்து எழுதினார். எஜமானர் வேண்டாமென்று சொல்லிப் போன தின்பண்டத்தைத் தின்ற நாயும் உண்டு, தின்னாத நாயும் உண்டு. அந்தக் குற்றவாளி முகம் வந்தது எஜமானர் கடிந்துகொண்டபோதுதான். தின்னாத அப்பாவி நாய்க்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வந்ததாம்! ஆக, அந்த முகம் நம் கோபத்தைக் கண்டு வருவது. காலையில் கிழித்த மெத்தைக்கு மாலையில் கிடைக்கும் அடி எதற்கென்று அந்தப் பிராணிக்குத் தெரியவே தெரியாது. மண்ணெண்ணெய் தெளிப்பது, மிளகாய்ப் பொடி தூவுவது, இதெல்லாம் பாவம்.

நான் செய்தது வேறு. காலண்டர் தாளின் பின்புறம், மணி எந்த நாள் எந்த நேரம் கிழித்தது என்று இரண்டு வாரம் குறித்து வைத்தேன். என் வீட்டுக்காரர் விடியற்காலையில் குளத்தங்கரைப் பக்கம் ஓடவிட்டு வந்த நாளில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. சாரல் பிடித்து வெளியே போகாத நாளில், வீடு உண்டு உறங்கும் பகல் இரண்டு மணிக்குத் தவறாமல் நாசம். காட்டுப்பன்றி வேட்டைக்கென்று வளர்த்த ஜாதி இது. 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு வேட்டைக்கு ஏது இடம்? பன்றியை மடக்கப் பிறந்த தாடையைத் தாழ்வாரத்தில் கட்டிப்போட்டால், பக்கத்தில் இருப்பது படுக்கைதானே!

இப்போது மழையானாலும் குடையோடு ஒரு நடை உண்டு. பகலில், உள்ளே குழிவான கெட்டி ரப்பர் பொம்மையில் தயிர்சாதத்தை அடைத்து உறைய வைத்துக் கொடுக்கிறேன். முக்கால் மணி நேரம் நக்கிவிட்டுத் தூங்கிவிடும். வாயில் துணி இருந்தால் பிடுங்குவதில்லை. பிடுங்கினால் விளையாட்டென்று இழுக்கும், அல்லது அவசரமாக விழுங்கும். ஒரு துண்டுக் காரட்டைக் காட்டி, "விடு" என்று வாங்கிக் கொள்வேன்.

எது செய்தும் நிற்காமல் போர்வையைச் சப்பியபடியே கிடக்கிற நாய்களும் உண்டு. டாபர்மன் ஜாதியில் இது ஒரு வியாதியாகவே வரும். 2010-ல் அதை ஒரு மரபணுவோடு சம்பந்தப்படுத்தியிருக்கிறார்கள். அதற்கு வைத்தியர்தான் வேண்டும்.

படுக்கையையும் மாற்றினோம். தச்சரிடம் சொல்லி முழ உயரத்தில் ஒரு சட்டம். அதன்மேல் கெட்டிக் கித்தானை விறைப்பாக இழுத்து, ஓரங்களை அடியில் மடித்து ஆணி அடித்தாயிற்று. தொங்குகிற ஓரமும் மடிப்பும்தான் பல்லுக்குப் பிடி. பிடி இல்லையென்றால் கிழிப்பு ஏது? பஞ்சும் கிடையாது. கித்தான் தொய்ந்து கொடுப்பதால் முழங்கையும் தப்பியது. வாரம் ஒருமுறை ஓரங்களைத் தடவிப் பார்த்து, நூல் பிரிந்திருந்தால் அன்றே வெட்டிவிட வேண்டும். படுக்குமுன் மணி மூன்று சுற்றுச் சுற்றி நகத்தால் கித்தானைப் பறண்டும். அது பள்ளம் பறிக்கிற பழைய வழக்கம். பறண்டட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

குளிர்காற்று வீசும் இரவுகளில் என் மாமியாரின் பழைய நூல்புடவை ஒன்று எப்படியோ அந்தக் கட்டிலுக்கு வந்துவிடுகிறது. மணி கண் மூடியதும் நான் அதை மெள்ள உருவி எடுத்து மடித்து வைத்துவிடுவேன்.