சாப்பிட வராத ஞாயிறு

டர்பன்,
ஆவணி

அன்புள்ள மன்னிக்கு,

ஆடி ஞாயிறன்று எனக்காக மோர்க்குழம்பும் உருளைக்கிழங்கு ரோஸ்ட்டும் பண்ணி வைத்துக்கொண்டு இரண்டரை மணிவரை காத்திருந்தீர்கள். நான் போன்கூடப் பண்ணவில்லை. "பசங்களோட எங்கேயோ மாட்டிண்டேன் மன்னி" என்று சாயங்காலம் சொன்னது முழுப் பொய் இல்லை, முழு நிஜமும் இல்லை. நேரில் சொல்லத் தயங்கியதை இங்கிருந்து எழுதுகிறேன். கடுதாசி என்றால் கொஞ்சம் தைரியம் வந்துவிடுகிறது.

நான் டர்பனிலிருந்து சென்னைக்குக் கூட்டி வந்த ஒன்பது மாணவர்களும் இங்கே ஐந்தாம், ஆறாம் தலைமுறைத் தமிழர்கள். 1860 அக்டோபரில் சென்னையில் 342 பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பல் நவம்பர் 16 அன்று டர்பனைத் தொட்டது. அன்று தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் இப்படி டர்பன் இருக்கிற நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். பாதிக்கு மேல் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். ஆரம்பத்தில் மாதம் பத்து ஷில்லிங். ஆளுக்கு ஒரு எண். எண்ணுக்கு எதிரே பெயர், அப்பா பெயர், வயது, ஜாதி, ஜில்லா, ஊர், உடம்பில் இருக்கும் அடையாளம். அந்தக் கப்பல் பட்டியல்கள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. நம் வீட்டில் கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர் யாருக்காவது தெரியுமா?

ஒரு பெண் தன் பாட்டனுடைய பாட்டன் பெயர் இருந்த பக்கத்தை நகலெடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பன்னிரண்டு நாளும் கைப்பையில் வைத்திருந்தாள். ஜில்லா, வட ஆற்காடு. இடது முழங்காலில் தழும்பு. ஊர் என்ற கட்டத்தில் வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அவள் அதை ‘பூடூர்’ என்று படித்தாள். "புதூரா இருக்கும்" என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்கணுமே. பிறகுதான் எனக்கு உறைத்தது. நாலு குடும்பம் பெயர்ந்து போய்க் கூரை போட்டால் அது புதூர். ஒரு தாலுக்காவிலேயே மூன்று இருக்கும். அதை அவளிடம் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று எனக்கு.

அவள் குடும்பப் பெயர் கோவெண்டர். தி.நகரில் ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் பில் போடுகிற பையன் அதை இரண்டு தடவை கேட்டு, ‘கோவிந்தர்’ என்று எழுதிக்கொண்டான். அது கவுண்டர் என்பது அவளுக்குத் தெரியும், பையனுக்குத் தெரியவில்லை. இப்படித்தான் இங்கே முதலி ‘மூட்லி’ ஆனார், முறுக்கு ‘முர்க்கு’ ஆயிற்று.

தரமணியில் ரோஜா முத்தையா நூலகம், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், எல்லாம் பார்த்தார்கள், குறிப்பு எடுத்தார்கள். எனக்கென்று நான் வைத்திருந்த இடம் லஸ்ஸில் ரானடே நூலகத்து மாடி, சீனிவாச சாஸ்திரி ஹால். சின்ன வயதில் அங்கே எத்தனை கச்சேரி கேட்டிருக்கிறோம்! சாஸ்திரியார் யார் என்று ஒருநாளாவது கேட்டோமா? டர்பனுக்கு வந்த பிறகுதான், இங்கே இந்தியப் பிள்ளைகள் படிக்க எழுந்த சாஸ்திரி காலேஜ் அவர் பெயரில்தான் என்று தெரிந்தது. வலங்கைமானில் பிறந்து, திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலில் தலைமையாசிரியராக இருந்தவர், 1927-இல் இந்திய அரசின் முதல் ஏஜெண்டாகத் தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். பசங்களில் ஒருவனின் தாத்தா அந்தக் காலேஜில் படித்தவர். பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று படம் எடுத்து, அங்கிருந்தே தாத்தாவுக்கு அனுப்பினான்.

கபாலி கோயிலில் அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, மன்னி. கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார்கள், "பியூட்டிஃபுல்" என்றார்கள். நான் ஸ்தலபுராணம் சொன்னேன், மரியாதைக்குக் கேட்டார்கள். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அந்த ஞாயிறு நம் வீட்டுக்குத்தான் அழைத்துக்கொண்டு வந்தேன். வழியில் பம்பைச் சத்தம் கேட்டது. கோவெண்டர் பெண் நின்றாள். அப்புறம் சத்தம் வந்த பக்கம் நடக்க ஆரம்பித்தாள், எட்டுப் பேரும் பின்னால். முண்டகக்கண்ணி அம்மன் கோயில். ஓலைக் கூரை, வேப்பிலை, மஞ்சள் புடவைகள். செருப்பை எங்கே விடணும், எங்கே நிற்கணும் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. டர்பனில் ஆடி வந்தால் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள். ‘பாரிட்ஜ் பிரேயர்’ என்பார்கள். என் பக்கத்து வீட்டில் சோள மாவும் தயிரும் சேர்த்துப் பெரிய பானையில் காய்ச்சுவார்கள். அந்தப் பானை பக்கத்தில் வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். எனக்கோ மயிலாப்பூரில் பிறந்து இருபத்தாறு வருஷம் இருந்தும் அந்த வரிசை புதுசு. ‘அங்கெல்லாம் நாம போறதில்லை’ என்று பாட்டி சொன்னதை ஏன் என்று கேட்காமலே வளர்ந்தேன். தெரு என்னவோ நடக்கிற தூரம்தான்.

வரிசையில் நின்றேன். அலுமினிய அண்டா, கேழ்வரகுக் கூழ், மேலே நறுக்கின சின்ன வெங்காயம். பக்கத்தில் முருங்கைக்கீரை, இன்னொரு சட்டியில் கருவாட்டுக் குழம்பு. அதை நான் வாங்கவில்லை, பயப்படாதீர்கள். கூழ் மட்டும் இரண்டு சொம்பு குடித்தேன். அதற்கப்புறம் மோர்க்குழம்புக்கு வயிற்றில் எங்கே இடம்?

அந்தப் பெண் ஒரு வாய் குடித்துவிட்டு, எங்க ஆயா செய்தால் இன்னும் புளிக்கும் என்று இங்கிலீஷில் சொன்னாள். ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவுக்கு ‘ஆயா’ மட்டும் புரிந்தது. அகப்பையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த ஊரும்மா நீ?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்: "புதூர்."

"எந்தப் புதூரு? ஆரணி பக்கமா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வரிசையில் பின்னால் இருந்தவர்கள் நகரச் சொன்னார்கள். அந்த அம்மா பதிலுக்குக் காத்திருக்காமல், அவள் சொம்பில் இன்னொரு அகப்பை ஊற்றினார்.

அண்ணாவிடம் இதை நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்