ஈரம் தெரியும் இடத்தில் ஓட்டை இல்லை

அக்கரைப்பேட்டையில் ஆற்றங்கரையோரம் நடந்தால் கருவாட்டு வாடையையும் மீறி ரெசின் வாடை மூக்கில் ஏறும். அது வரும் திசையில் போனால் ஏதாவது ஒரு தார்ப்பாய்ப் பந்தலின் கீழ் ஒரு ஃபைபர் படகு கட்டைகள் மேல் ஏறி நிற்கும். பெரும்பாலும் அது பழுதுக்கு வந்த படகு. நான் பார்க்கப் போனதும் அப்படி ஒன்றைத்தான்: முப்பதடிப் படகு, கடலுக்குப் போனால் தண்ணீர் ஏறுகிறது, எங்கிருந்து ஏறுகிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

கட்டுமரத்தில் ஒழுக்கு என்ற பேச்சே கிடையாது. மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை அது. இடுக்கு வழியே தண்ணீர் ஏறும், இறங்கும். பலகை அடித்த படகில் ஒழுக்கு உண்டு, ஆனால் எங்கே வரும் என்று முன்பே தெரியும். பலகையும் பலகையும் சேரும் இடத்தில் பஞ்சுத் திரியைத் திணித்துக் கலப்பத்து அடித்துவிடுவார்கள். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இந்தக் கரை மிக வேகமாக ஃபைபருக்கு மாறியது. சுனாமி நிவாரணமாக ஆயிரக்கணக்கில் ஃபைபர் படகுகள் வந்தன. அந்த அவசரத்தில் கண்ணாடி இழையையும் ரெசினையும் குறைத்துக் கட்டியவையும் அவற்றில் கலந்திருந்தன. ஃபைபர் படகின் உடல் ஒரே வார்ப்பு. அதில் இடுக்கு இல்லை, ஆகவே தேட வேண்டிய இடம் என்று ஒன்றும் இல்லை. முழுப் படகையும் தேட வேண்டும்.

பழுது பார்க்கும் மேஸ்திரி படகைத் தொடுவதற்கு முன் படகுக்காரரைத்தான் விசாரித்தார்.

"சும்மா கட்டிக் கிடக்கும்போது ஏறுதா, ஓட்டத்துல மட்டுமா?"

"ஓட்டத்துலதான் மாமா. மீனோட திரும்பும்போது இன்னும் ஜாஸ்தி. ஏராவுல கீறல் இருக்கு, அதுதான்."

"அது இருக்கட்டும். தண்ணி எங்க வந்து நிக்குது?"

"நடு அறையில."

அந்தக் கேள்விகளிலேயே பாதி வேலை முடிந்தது என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. நிற்கும்போதும் தண்ணீர் ஏறினால் பழுது எப்போதும் நீருக்கு அடியில் இருக்கும் பகுதியில். ஓட்டத்தில் மட்டும் ஏறினால் பின்பக்கம், அதாவது அமரம், எஞ்சின் தள்ளும் வேகத்தில் அமிழ்ந்து, சாதாரணமாக நீருக்கு மேலே இருக்கும் ஏதோ ஒன்று நனைகிறது. பாரம் ஏறினால் கூடுகிறது என்றால் அந்தச் சந்தேகம் இன்னும் உறுதிப்படும். மேஸ்திரி நடு அறையில் தேங்கியிருந்ததை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு. நல்ல தண்ணீராக இருந்திருந்தால் மேல்தட்டு வழியே இறங்கிய மழைத் தண்ணீர் என்று ஆகியிருக்கும்.

ஏராவில், அதாவது படகின் அடித்தண்டில், கீறல் இருந்தது உண்மைதான். படகைக் கரைக்கு இழுக்கும்போது மணலில் உரசி உரசி அந்த இடம் தேய்ந்திருந்தது. யாரோ அதன்மேல் எம்-சீல் வேறு அப்பியிருந்தார்கள். மேஸ்திரி சின்னச் சுத்தியலின் பிடியால் ஏரா நெடுகத் தட்டிக்கொண்டே வந்தார். சந்தையில் தேங்காயைத் தட்டி வாங்குகிறவரின் கவனம் அது. நல்ல இடம் கணீரென்று பேசியது. கீறலைச் சுற்றியும் அதே சத்தம்தான். அமரத்துக்கு வந்து எஞ்சின் மாட்டும் இரும்புத் தாங்கியின் கீழ்ப் பக்கத்தைத் தட்டியபோது சத்தம் செத்துப்போனது. இரண்டு கை அகலத்துக்கு அப்படியே மந்தமாக இருந்தது. "உள்ள பிளைவுட் ஊறிப்போச்சு," என்றார்.

சத்தத்தை மட்டும் நம்பி அவர் வெட்டவில்லை. படகின் வெளிப்புறத்தைத் துணியால் துடைத்து, காய்ந்ததும் சாக்பீஸ் பொடியைக் கீறல் மேலும் தாங்கியின் போல்ட்டுகளைச் சுற்றியும் தூவினார்கள். அணியத்தின், அதாவது முன்பக்கத்தின், கீழ் கட்டை கொடுத்துத் தூக்கி, பின்பக்கம் மட்டும் நிற்கிற மாதிரி உள்ளே தண்ணீர் விட்டார்கள், கொஞ்சம் சலவை நீலம் கலந்து. படகு நிறைய ஊற்றினால் ஆகாதா என்று கேட்டேன். ஆயிரம் லிட்டர் என்பது ஒரு டன். கடலில் அந்தப் பாரத்தை வெளியிலிருக்கும் தண்ணீர் தாங்கிக்கொள்ளும், இங்கே நாலு கட்டைகள்தான் தாங்க வேண்டும், இல்லாத விரிசல் எல்லாம் அதில் வந்துவிடும் என்றார். பிறகு காத்திருந்தோம். கீறலின் மேல் பொடி வெள்ளையாகவே இருந்தது. ஒரு டீ குடித்து முடித்த நேரத்தில் கீழ் போல்ட் ஒன்றைச் சுற்றி பொடி கறுத்தது. நகக்கண் அளவு நீலம் கசிந்து ஒரு கோடாக இறங்கியது.

போல்ட் ஓட்டை வழியே நுழைந்த கடல்நீர் அமரத்தின் பிளைவுட்டை ஊறவைத்து, தளத்துக்குக் கீழே மிதப்புக்காக அடைத்த நுரையில் இறங்கி, அதன் வழியாக நகர்ந்து நடு அறையில் தலை காட்டியிருக்கிறது. படகுக்காரர் ஈரத்தைப் பார்த்தார், அதற்கு நேர் கீழே ஏராவில் கீறலையும் பார்த்தார், இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்போம். இந்தத் தொழிலின் முழு அருமையும் அந்த முடிச்சை நம்பாமல் இருப்பதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். பூசுவதற்கு ஆள் கிடைப்பார்கள். தேடத் தெரிந்தவர்கள் குறைவு.

ஏராக் கீறல் ஜெல்கோட்டோடு நின்றிருந்தது. வெளியே நிறமாகத் தெரியும் அந்தப் பூச்சு அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். ஆனாலும் அதை விட்டுவைக்க முடியாது. பூச்சு போன இடத்தில் இழைகளுக்கு இடையே தண்ணீர் ஊறும். வருஷக்கணக்கில் ஊறினால் கொப்புளம் கட்டும். அதை உடைத்தால் வரும் நீரில் புளித்த வாடை அடிக்கும்.

அடுத்த வேலை காயவைப்பது. படகுக்காரருக்கும் மேஸ்திரிக்கும் சண்டை வரும் இடமும் அதுதான். படகு கரையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் அந்த வீட்டுக்கும், கூடப் போகிறவர்களின் மூன்று நான்கு வீடுகளுக்கும் வருமானம் கிடையாது. தளத்தை வெட்டி நுரையை அள்ளிப் போட்டார்கள். பிழிந்தால் பழுப்புத் தண்ணீர் வடிந்தது. இத்தனை நாளும் இந்தப் பாரத்தையும் சேர்த்து டீசல் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். நல்ல தண்ணீரால் உப்புப் போகக் கழுவி வெயிலில் திறந்து போட்டார்கள். காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி விடுவார்கள். மறுநாள் தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. பாலியஸ்டர் ரெசின் ஈரத்தில் பிடிக்காது. பிடித்ததுபோல் இருந்துவிட்டு, கடலில் உரியும்.

கிரைண்டர் ஓட ஆரம்பித்ததும் பந்தலுக்குள் வெள்ளைப் புகை போலத் தூசி எழுந்தது. அத்தனையும் கண்ணாடி. வேலை செய்த பையன் துண்டை மூக்கில் கட்டியிருந்தான், கைகளில் தேங்காயெண்ணெய் தடவியிருந்தான். அந்தத் துண்டு எதையும் தடுக்காது. ரெசினிலிருந்து ஆவியாகும் ஸ்டைரீனை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்க வாய்ப்புள்ள பொருட்களின் வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018-இல் சேர்த்திருக்கிறது. ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர் ஒரு சொட்டு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். அந்த ஹார்டனரையும், இறுகுவதை முடுக்கிவிடும் கோபால்ட்டையும் நேரடியாக ஒன்றாகக் கலந்தால் தீப்பிடித்து வெடிக்கும். முதலில் ஒன்றை ரெசினில் கரைத்துவிட்டுத்தான் மற்றதை விட வேண்டும். இவ்வளவையும் மேஸ்திரி அறிவார், பையனுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஆனால் வடிகட்டி பொருத்திய முகமூடி அந்தப் பந்தலில் ஒன்றுகூட இல்லை. படகுக்கு மானியம் இருக்கிறது, எஞ்சினுக்கு மானியம் இருக்கிறது. படகைச் சாகாமல் வைத்திருக்கும் இவர்களுக்கு ஒரு முகமூடி கிடைக்க வழி செய்யாமல் இருப்பது எனக்குத் தாங்கவில்லை.

கீறல் மறையும்வரை தேய்த்து, சுற்றிலும் சரிவாக எடுத்தார்கள். கனத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு அகலம் சரிவு வேண்டும் என்பது கணக்கு. ஆறு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒவ்வொரு பக்கமும் ஏழு சென்டிமீட்டருக்குக் குறையாமல். தேய்த்த இடத்தில் ஓர் அடுக்கு நனையாத பஞ்சுபோல் வெள்ளையாக இருந்தது. கட்டும்போதே ரெசின் ஊறாத மேட், அதாவது கண்ணாடி இழை விரிப்பு, அது. மேஸ்திரி அதை விரலால் பிய்த்துக் காட்டினார், யாரையும் குறை சொல்லவில்லை, இன்னும் ஆழமாகத் தேய்க்கச் சொன்னார்.

அமரத்தின் அழுகிய பிளைவுட் கையோடு உதிர்ந்து வந்தது. புதுப் பலகையின் விளிம்பெல்லாம் ரெசின் குடிக்கவிட்டுப் பொருத்தினார்கள். போல்ட் ஓட்டையை வேண்டிய அளவைவிடப் பெரிதாகத் துளைத்து, ரெசினில் பொடி குழைத்த பட்டியால் அடைத்து, இறுகியபின் அதன் நடுவில் சரியான அளவுக்கு மறுபடி துளைத்தார்கள். இனி தாங்கி ஆடி போல்ட் தளர்ந்து தண்ணீர் புகுந்தாலும் அது பட்டியைத்தான் தொடும், மரத்தைத் தொடாது. முதலில் கட்டியவர்கள் இதைச் செய்திருந்தால் இந்தப் படகு இங்கே வந்தே இருக்காது.

பூச்சு வேலையை உச்சி வெயில் தணிந்த பிறகுதான் தொடங்கினார்கள். கிலோ ரெசினுக்கு பத்து முதல் இருபது மில்லி ஹார்டனர். வெயில் ஏறினால் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் டப்பாவிலேயே சூடேறி இறுகிவிடும். பையன் பிரஷை இழுக்கவே இல்லை, குத்திக் குத்தி வைத்தான். இழுத்தால் இழை கலையும். வெள்ளையாக இருந்த மேட் ரெசின் குடிக்கக் குடிக்கக் கண்ணாடி போலத் தெளிந்தது. வெள்ளைப் புள்ளி எங்கே மிஞ்சுகிறதோ அங்கே காற்று சிக்கியிருக்கிறது. வரி போட்ட இரும்பு ரோலரால் அதை ஓரத்துக்கு விரட்டினான். 450 கிராம் மேட் ஒன்று ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம் தரும். மூன்று அடுக்கோடு நிறுத்தி, சூடு தணிந்தபின் மிச்சத்தைப் போட்டார்கள்.

பூச்சு நன்றாக இறுகிய பிறகு அதே சோதனையை மறுபடி செய்தார்கள், நீலம் கலந்த தண்ணீரும் சாக்பீஸ் பொடியுமாக. பொடி கறுக்கவில்லை. படகுக்காரர் அதற்குள் டிராக்டர்காரருக்கு போன் போட்டுக்கொண்டிருந்தார். மேஸ்திரி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"முதல் ஓட்டம் முடிஞ்சு வந்ததும் நாலு போல்ட்டையும் முடுக்கிப் பாரு. இழுக்கறப்ப ஏராவுக்குக் கீழ உருளை குடுக்கச் சொல்லு. மறுபடி தண்ணி ஏறுச்சுன்னா எம்-சீலை அப்பாம அப்படியே கொண்டுவா. அப்பிட்டீன்னா நான் மொதல்ல அதைத் தேய்ச்சு எடுக்கணும், அப்புறம்தான் தேடவே ஆரம்பிக்கணும்."