பழைய கணினிக்குள் ஒரு கடிதம்

எங்கள் கல்லடி அலுவலக மூலையில் துணி போர்த்திக் கிடந்தது அந்த விண்டோஸ் எக்ஸ்பி கணினி. 2004 சுனாமியில் வீடிழந்த அம்மா ஒருவர் வந்தார். மாற்றுக் காணி கேட்டு அவருக்காக எங்கள் அலுவலகம் அன்று அனுப்பிய மின்னஞ்சல் வேண்டும். அவரிடம் பிரதி இல்லை.

அவுட்லுக் எக்ஸ்பிரஸ் திறந்தது. புதிய அஞ்சல் எதையும் எடுக்கவில்லை. அதன் பழைய பாதுகாப்பு முறையை இன்றைய மின்னஞ்சல் சேவைகள் ஏற்பதில்லை. எக்ஸ்பிக்கான ஆதரவே 2014 ஏப்ரலில் முடிந்துவிட்டது. ஆனால் பழைய கடிதங்கள் வன்தட்டிலேயே இருந்தன. அச்செடுக்கப் புதிய கணினிக்கு மாற்றினேன். எழுத்துகள் ஆங்கிலக் குழப்பமாயின. பாமினி எழுத்துருவைப் போட்டதும் தமிழாயின.

வாசித்துக் காட்டினேன். "இது என்ட சொல்லுதான், மகள்" என்று அம்மா கண் கலங்கினார்.

தோழியரே, உங்கள் விண்ணப்பத்தின் பிரதியொன்றை உங்கள் கையிலும் வைத்திருங்கள்.