ஆகஸ்ட் 19: நன்றியும் ஒரு கோரிக்கையும்

இன்று உலக மனிதாபிமான தினம். 2003இல் இதே நாளில் பாக்தாத்தில் ஐ.நா. அலுவலகம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டு 22 பேர் உயிரிழந்தார்கள். அதன் நினைவாகவே இந்த நாள். 2006இல் இலங்கையின் மூதூரில் சுட்டுக்கொல்லப்பட்ட 17 தொண்டுப் பணியாளர்களையும் இன்று நினைத்துக்கொள்வோம்.

பதுளை மாவட்டத்தின் லுணுகலையில் இருக்கும் எனக்கு மனிதாபிமானம் என்றதும் மீரியபெத்தைதான் ஞாபகம் வரும். 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயங்களை மூடியது. தப்பியவர்கள் கொஸ்லந்தை, பூனாகலைப் பாடசாலைகளில் தஞ்சமடைந்தார்கள். நாடெங்கும் சனம் பொருள் சேர்த்தது. எங்கள் பக்கத்தில் கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா, தீபாவளிக்குப் பிள்ளைக்கு எடுத்த சட்டையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, அரிசிப் பையின் மேல் மடித்து வைத்தார். அந்த மனசுக்கு ஈடில்லை.

2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைச் சிதைத்தபோது, இந்திய இராணுவம் மகியங்கனையில் கள வைத்தியசாலை அமைத்தது. கடல் கடந்து வந்த அத்தனை கைகளுக்கும் நன்றி.

ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். மீரியபெத்தை ஆபத்தான இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. போக வேறு காணியில்லாத சனம் அங்கேயே இருந்தது. நிவாரணம் உயிரைத் தாங்கும். அடுத்த மழைக்கு முன் உயிரைக் காப்பது, பாதுகாப்பான இடத்தில் உறுதியோடு கிடைக்கும் காணியும் வீடும்தான். உதவ வருகிறவர்களும் ஆட்சியில் இருப்பவர்களும் அதை முதல் வேலையாக எடுக்க வேண்டும்.