புட்டியை மறுக்கும் பிள்ளை



ஞாயிற்றுக்கிழமை பெண்கள் வகுப்பு முடிந்ததும் மார்க்கக் கேள்விகளோடு வீட்டுக் கேள்விகளும் வரும். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் மென்பொருள் அலுவலகங்களுக்கும் தாம்பரம் சானடோரியம் மெப்ஸ் வளாகத்திற்கும் வேலைக்குச் செல்லும் இளம் தாய்மார்கள் அநேகர். அவர்களில் பலர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பது இதுதான்: "ஆலிமா, விடுப்பு முடியப் போகிறது. பிள்ளை புட்டியை வாயில் வைக்கவே மறுக்கிறான்." குரல் தாழ்வதற்குக் காரணம் உண்டு. "நீதான் மடியிலேயே வைத்துப் பழக்கிக் கெடுத்துவிட்டாய்" என்ற சொல்லை வீட்டில் கேட்டுவிட்டு வந்திருப்பார்கள்.

அவர்களிடம் நான் முதலில் சொல்வது நபி மூஸா (அலை) அவர்களின் குழந்தைப் பருவத்தை. ஃபிர்அவ்னின் வீட்டார் நதியிலிருந்து எடுத்த அந்தப் பாலகர், பாலூட்ட வந்த எவரிடமும் அருந்தவில்லை. அல்லாஹ்வே செவிலியரை அவருக்கு விலக்கி வைத்திருந்தான் (28:12). ஓர் அரண்மனையின் அதிகாரம் முழுவதும் கைக்குழந்தையின் மூடிய வாய்க்கு முன் செயலற்று நின்றது. அந்தத் தாயின் உள்ளம் வெறுமையாகிப் போனதையும் திருமறை விட்டுவிடவில்லை (28:10). அது இறைவனின் தனி ஏற்பாடு. நம் வீட்டுப் பிள்ளைகளோடு ஒப்பிட இயலாது. எனினும், தாயின் மணத்தையும் சூட்டையும் அறிந்த குழந்தை பிறிதொன்றை விலக்குவதை அடம் என்றும், அதற்குத் தாயே குற்றவாளி என்றும் பேசுவதற்கு முன் நாம் சற்றுத் தயங்க வேண்டாமா?

என் இளைய சகோதரிக்கு இதே நிலை வந்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திலிருந்து முதல் இரு பிள்ளைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் கூடிய விடுப்பு உண்டு. பிரசவத்திற்கு முன்பே அவள் ஐந்து வாரங்களை எடுத்துவிட்டதால், ஐந்து மாதம் நிறைவதற்குள் பிள்ளையை விட்டு அலுவலகம் செல்ல வேண்டியதாயிற்று. பம்பு வைத்துப் பால் எடுத்து, அவளே மடியில் கிடத்திப் புட்டியைக் கொடுத்தாள். தாயின் மடியில் இருந்துகொண்டே தாயை விட்டு ரப்பர் காம்பைச் சப்பு என்றால் எந்தக் குழந்தை கேட்கும்? "பட்டினி போடு, தானாகக் குடிப்பான்" என்று மூத்தவர் ஒருவர் சொன்னார். அதை நான் ஏற்கவில்லை. குழந்தை மருத்துவரும் ஏற்கவில்லை. பசியில் கதறும் பிள்ளை புதிதாக எதையும் கற்காது. ஓரளவு பசி இருந்து, முகம் தெளிவாக இருக்கும் நேரத்தில்தான் முயல வேண்டும்.

பால்குடி பற்றிய வசனத்தை (2:233) நாம் பெரும்பாலும் இரண்டு ஆண்டுக் கணக்குக்காகவே ஓதிக் காட்டுகிறோம். அதே வசனம் தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பில் வைக்கிறது. பால் மறக்கடிப்பதாக இருந்தால் இருவரும் மனமொத்து ஆலோசித்தே செய்யுமாறு சொல்கிறது. இங்கே பால் மறக்கடிக்கவில்லை என்றாலும் ஆலோசனை தேவைதானே. அவளுடைய கணவரை அழைத்துப் பேசினோம். மறுநாள் முதல் அவர் மஃரிப் தொழுதுவிட்டு வந்து பிள்ளையை ஏந்திக்கொண்டார். அவள் மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். காம்பை வெந்நீரில் நனைத்து, பிள்ளையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, கூடத்தில் நடந்தபடியே கொடுத்துப் பார்த்தார். அழுதால் உடனே நிறுத்திவிடுவார். ஒரு வாரத்தில் சில மிடறுகள் இறங்கின. அதற்கு மேல் புட்டி பலிக்கவில்லை.

பிறகு பாலாடைக்கு மாறினோம். நம் பாட்டிமார் வைத்திருந்த சங்கின் இனம்தான் அது. மூக்கு நீண்ட சிறு கிண்ணம். குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனைகளில் இன்றும் இதனால்தான் ஊட்டுகிறார்கள். புட்டியைவிடக் கழுவுவது எளிது, கிருமி தங்க இடுக்கும் இல்லை. புட்டிக்கும் பால்மாவுக்கும் விளம்பரம் செய்வதையே நம் நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. பாலாடையை உதட்டில் தொட்டு, பிள்ளை தானாக உறிஞ்சுவதற்குக் காத்திருக்க வேண்டும். வாயில் ஊற்றினால் புரையேறும். எடுத்த பாலை உடனே குளிர்பெட்டியில் வைத்தால் நான்கு நாள் வரை இருக்கும். வெளியே நான்கு மணி நேரம் என்ற கணக்கு 25 பாகை வெப்பத்திற்கு. நம் சித்திரை வெயிலில் அதை நம்பக் கூடாது. கொடுக்கும்போது வெந்நீரில் கிண்ணத்தை வைத்து இளஞ்சூடாக்கினால் போதும், கொதிக்க வைக்கலாகாது.

கூட்டுக் குடும்பத்தினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மார்பில் குடித்தால் மட்டுமே பால்குடி உறவு ஏற்படும் என்று பலர் எண்ணுகிறார்கள். எடுத்த பாலைக் கிண்ணத்தில் கொடுத்தாலும் அவ்வுறவு ஏற்படும் என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் நிலை. ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து முறை, ஹனஃபியில் ஒரு முறையே போதும். ஒரே வீட்டில் இரு மருமகள்கள் பாலூட்டுபவர்களாக இருந்தால், குளிர்பெட்டியில் உள்ள பாலின் மீது பெயர் எழுதி வையுங்கள். மாறிக் கொடுத்துவிட்டால் பின்னாளில் திருமணப் பேச்சில்தான் அது தெரியவரும்.

இப்போது என் தங்கை மகன் பகலில் மூன்று வேளை தகப்பனாரின் தாயார் கையால் பாலாடையில் அருந்துகிறான். மீதியை இரவில் தாயிடம் ஈடுசெய்துகொள்கிறான். அவளுக்குத் தூக்கம் குறைவுதான். அலுவலகத்தில் பால் எடுத்துவிட்டு ளுஹர் தொழ உளூ மீண்டும் செய்ய வேண்டுமா என்று சென்ற வாரம் கேட்டாள். வேண்டியதில்லை; தாய்ப்பால் தூய்மையானது, வெளிப்படுவதால் உளூ முறியாது, ஆடையில் பட்டிருந்தாலும் அதே ஆடையுடன் தொழலாம்.