விடுதலைப் பத்திரம்

அப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அண்ணன் ஒரு பத்திரத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். தலைப்பில் பெரிய எழுத்தில் 'விடுதலைப் பத்திரம்' என்றிருந்தது. பிறந்த வீட்டுச் சொத்தில் தனக்குள்ள பாகத்தை ஒரு பெண் உடன்பிறந்தவனுக்கு விட்டுக்கொடுக்கும்போது எழுதுவது. பத்திரம் எழுதுபவர்கள் காலங்காலமாகப் போடும் பெயர்தான். அன்று அதைப் படித்தபோது, யாருக்கு யாரிடமிருந்து விடுதலை என்று தோன்றியது.

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே கிடக்கும் 2 ஏக்கர் 40 சென்ட் மானாவாரிக் கரிசல் அது. அப்பத்தா காலத்தில் கம்பும் பருத்தியும் விளைந்தது. மழை ஏமாற்ற ஏமாற்ற, சீமைக்கருவேலம் ஏறிவிட்டது. சில வருஷத்துக்கு ஒருமுறை வெட்டி, கரிமூட்டம் போடுகிறவர்களுக்குக் கொடுத்தால் கொஞ்சம் காசு வரும். அந்த நிலத்தின் மகசூல் இப்போது கரிதான்.

அம்மா அண்ணன் பக்கம் நின்றாள். "ஒரு கையெழுத்துதான தாயி. போட்டுட்டுப் போ. மண்ணையா கட்டிக்கிட்டுப் போகப்போறோம்? ஆண்டவர் என்ன சொல்லிருக்காரு, மண்ணுல சேத்து வைக்காதீங்கன்னுதான சொல்லிருக்காரு."

"ஒனக்குத்தான் நகை போட்டாச்சுல்ல" என்றான் அண்ணன். அந்த நகையில் பாதி என் கணவர் வீட்டுக் கடனுக்காக அடகில் இருப்பது அவனுக்கும் தெரியும்.

நான் வாயடைத்துப் போனது நகைப் பேச்சால் அல்ல, ஆண்டவர் பேச்சால். பற்றை விடு என்பதைக் கேட்டே வளர்ந்தவள் நான். சின்ன வயதில் ஒவ்வொரு வருஷமும் அப்பத்தா என்னை ஓரியூருக்குக் கூட்டிப்போவாள். 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் தலைவெட்டுப்பட்ட இடம். அவர் ரத்தத்தால்தான் அந்த மண் சிவந்தது என்று நம்பி, ஒரு கைப்பிடி முந்தானையில் முடிந்துகொள்வாள். "அரமனைப் புள்ளத்தா அவரு. எல்லாத்தையும் விட்டுட்டு நம்ம பொட்டக்காட்டுக்கு வந்தாரு."

அவள் சொன்னது சரித்திரம்தான். லிஸ்பனில் பிரபு குடும்பத்தில் பிறந்து இளவரசனோடு அரண்மனையில் வளர்ந்த ஜான் டி பிரிட்டோ, இங்கே காவி கட்டி, கறிமீன் தொடாமல், பண்டாரச் சாமியாக அலைந்தார். நடுவில் போர்ச்சுக்கலுக்குப் போனபோது, ராஜாவாகிவிட்ட அந்தப் பழைய தோழன் இங்கேயே இருந்துவிடு என்றான். அவர் திரும்பி வந்தார். சாவதற்கு முந்தின நாள் சிறையில் கடைசிக் கடிதம் எழுத மைகூட இல்லை. கரித்தூளைத் தண்ணீரில் குழைத்துத்தான் எழுதினார்.

பக்கத்துத் திருச்சுழியில் பிறந்த வெங்கட்ராமனும் எங்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே பழக்கம். ரமண மகரிஷி. 1896-ல், பதினாறு வயதில், அண்ணனுடைய காலேஜ் ஃபீஸுக்குக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு கிளம்பியவர். திருவண்ணாமலை போய்ச் சேர்ந்ததும், மிச்சமிருந்த காசை அய்யங்குளத்தில் எறிந்தார்.

இந்த இரண்டு பேரையும் அன்று இரவு நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். ஒருவருக்கு அரண்மனை, ஒருவருக்குச் சில ரூபாய். ஆனால் இருவர் கையிலும் விடுவதற்கு ஏதோ இருந்தது. யாரும் பத்திரத்தை நீட்டி விடச் சொல்லவில்லை. பிரிட்டோவின் அம்மா, போகாதே என்று தடுக்கத்தான் பார்த்தார். ரமணரின் அம்மா, வீட்டுக்கு வா என்று அழுதார். துறவு என்றால் அதுதானே? பிறர் நம்மிடமிருந்து வாங்கிக்கொள்வதற்கு வேறு பெயர் இருக்க வேண்டும்.

எழுந்து லூக்கா 12ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். கூட்டத்தில் ஒருவன், என் சகோதரனைச் சொத்தைப் பிரித்துத் தரச் சொல்லும் என்று இயேசுவிடம் கேட்கிறான். அவர் பாகம் பிரிக்க மறுத்துவிட்டு, பேராசையைப் பற்றி எச்சரிக்கிறார். இதைப் பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் எச்சரிக்கை, கேட்டவனுக்கு என்றே நினைத்திருந்தேன். இல்லை. அவர் எல்லாரையும் பார்த்துத்தான் சொல்கிறார். கேட்டவனுக்கும்தான், பிரித்துக் கொடுக்காமல் வைத்திருந்தவனுக்கும்தான்.

பழைய திருவிதாங்கூரில் சட்டமே கிறிஸ்தவப் பெண்ணுக்கு எதிராக இருந்தது. மகனின் பங்கில் கால்பாகம் அல்லது 5000 ரூபாய், எது குறைவோ அது. மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986-ல் அதை முறியடித்தார். எங்கள் பக்கம் அப்படியொரு சட்டம் இல்லை. 1925ஆம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா உயில் எழுதாமல் இறந்தால் அம்மாவுக்கு மூன்றில் ஒன்று, மிச்சம் பிள்ளைகளுக்குச் சமம். ஆளுக்கு 80 சென்ட். சட்டம் கொடுத்ததை ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு மண்ணாசை இல்லை என்று சொல்ல மாட்டேன். நாலுவழிச் சாலை வந்த பிறகு சென்ட் என்ன விலை போகிறது என்று அந்த ராத்திரியே போனில் தேடினேன். எண்பதால் பெருக்கியும் பார்த்தேன். அடகு நகை முழுவதும் மீண்டு வந்தது, கணக்கில்.

காலையில் அண்ணனிடம் சொன்னேன். "மொதல்ல என் பேருக்கு வரட்டும்ணே. பெறகு குடுக்கறதா வேணாமான்னு நான் பாத்துக்குறேன்." பத்திரத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான். இன்றுவரை என்னோடு பேசவில்லை. கிறிஸ்மஸுக்கும் பேசவில்லை. அது வலிக்கத்தான் செய்கிறது.

அலைந்து திரிந்து ஒரு வருஷம் கழித்துக் கூட்டுப் பட்டா வந்தது. மூன்று பெயர்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"எனக்கும் பேரு இருக்கா?"

அறுபத்தெட்டு வயது. அந்த நிலத்தில் அவள் எடுக்காத களை இல்லை. அதில் தனக்கொரு பங்கு உண்டென்று அவளுக்கு யாருமே சொன்னதில்லை. தன்னிடம் இல்லாத ஒன்றைத்தான் அத்தனை காலமும் விடச் சொல்லி எனக்குப் புத்தி சொல்லியிருக்கிறாள்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "இதுல ரெண்டு சென்ட நம்ம கோயிலுக்குக் குடுத்தா, ஒங்கண்ணன் வையுவானா?"

"ஒன்னோடதும்மா. ஒன் இஷ்டம்."

கையில் வந்த அன்றைக்கே அம்மா விடத் தொடங்கிவிட்டாள். நான் இன்னும் பட்டா நகலைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.